தாய்மார் மறுக்கிறார்களா?: எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் சொல்வதும் விடுவதும்

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறக்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் புதிதாக இந்நோய் கண்ட இந்தியப் பெண்கள் 1,27,000க்கும் மேல். உலகில் இந்நோய்க்கு ஆளாகும் ஐந்து பெண்களில் ஒருவர் இந்தியர் என்று சொல்லிவிடலாம்.

இத்தனைக்கும் காரணமும் தடுக்கும் வழியும் ஐயமறத் தெரிந்த மிகச் சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸின் (எச்.பி.வி.) 16ஆம் வகையை இந்நோய்க் கட்டிகளில் கண்டறிந்து 1983இல் அறிவித்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி 2006இல் வெளிவந்தது. 2008இல் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் நெடுங்காலம், காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய சிறு கூட்டத்தைத் தாண்டி அது பரவவில்லை.

ஏன் என்று கேட்டால் கருத்தரங்குகளில் கைவசம் ஒரு பதில் இருக்கும்: “தாய்மாருக்கு விழிப்புணர்வு இல்லை.” செவிலியர் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளிலும் இதையொட்டி ஆண்டுதோறும் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? ஆய்வுகள் எதை அளந்தன, எதை அளக்காமல் விட்டன? தடுப்பூசி உண்மையிலேயே பரவிய இடங்களில் தாய்மார் எப்படி நடந்துகொண்டார்கள்? இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், தாயின் அறியாமை என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி, அவரிடம் யாரும் போய்ப் பேசாததன் விளைவு என்று தெரிகிறது.

நோயும் ஊசியும்

எச்.பி.வி. மிகப் பரவலான தொற்று. உடலுறவு வழியாகப் பரவுகிறது. தொற்றுக்கு ஆளாகும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிடும் சிலருக்குத்தான், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகிறது. இந்நோய்க்கு முதன்மைக் காரணம் 16, 18 ஆகிய இரு வகைகள். இந்தியாவில் ஐந்தில் நான்கு நோயாளிகளுக்குக் காரணம் இவையே.

தடுப்பூசி ஏற்கெனவே தொற்றியிருக்கும் வைரஸை விரட்டாது, வராமல் காக்கும். எனவே தொற்றுக்கு வாய்ப்பே ஏற்படாத வயதில் போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயது என்று வரையறுத்ததற்கு ஒரு காரணம் இது. அந்த வயதில் உடலின் எதிர்ப்பாற்றல் கூடுதலாக உருவாகும் என்பது இன்னொன்று. பலன் எவ்வளவு என்பதற்கு இன்று நேரடிச் சான்று உண்டு. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி அளிக்கப்பட்ட தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் தெரியவந்தது.

ஒரு விசித்திரம் என்னவென்றால், இந்த ஊசிக்கான முடிவை எடுப்பவர் ஒருவர், ஊசியை ஏற்பவர் இன்னொருவர், பலன் தெரியவரும் நாளோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு அப்பால். போலியோவுக்குச் சொட்டு மருந்து கொடுத்த தாய்க்குக் கால் சூம்பிய பிள்ளைகளைத் தெருவிலேயே தெரியும். எச்.பி.வி. விஷயத்தில் தாயின் கண்முன் அப்படி எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது “கர்ப்பப்பை கேன்சர்” வந்திருந்தாலும், அதைக் குடும்பம் வெளியே சொல்லியிருக்காது.

கேள்வித்தாளுக்கு முன்னால் தாய்

இத்துறையில் வழக்கமாகச் செய்யப்படும் ஆய்வுக்கு “அறிவு, மனப்பான்மை, நடைமுறை” ஆய்வு என்று பெயர். அதன் கேள்வித்தாளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் வயது, படிப்பு, கணவர் தொழில், மாத வருமானம், குடும்ப வகை. அடுத்த பக்கத்தில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்: எச்.பி.வி. எந்த வகைக் கிருமி? எதன் மூலம் பரவுகிறது? எந்த உறுப்பைத் தாக்குகிறது? எந்த வயதில் தடுப்பூசி போட வேண்டும்? எத்தனை தவணை? சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். 75 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் போதுமான அறிவு; 50க்கும் 75க்கும் இடையில் ஓரளவு போதுமான அறிவு; 50க்குக் கீழே என்றால் போதாத அறிவு.

பிறகு மாணவி ஒருவர் படங்களைக் காட்டி அரை மணி நேரம் விளக்குவார். ஏழு நாள் கழித்து அதே கேள்வித்தாள் மீண்டும் வரும். இம்முறை மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? “போதனை பயனுள்ளதாக அமைந்தது” என்று ஆய்வேடு முடிவடையும். அந்தத் தாயின் மகளுக்கு ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ ஊசி போடப்பட்டதா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. போடப்பட்டிருக்க வாய்ப்பும் குறைவு. ஏனெனில் விளக்கம் கேட்ட இடத்தில் ஊசி இருக்கவில்லை.

இத்தகைய ஆய்வுகளில் இன்னும் சில குறைகள் உண்டு. தாய்மாரைப் பெரும்பாலும் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலோ, ஆய்வாளருக்குக் கைக்கெட்டும் பள்ளியிலோ பிடிக்கிறார்கள். சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் பெண், வெள்ளைக் கோட்டு அணிந்தவர் “உங்கள் மகளுக்கு இதைப் போடுவீர்களா?” என்று கேட்டால் மறுத்துப் பேசுவாரா? அவர் சொல்லும் “போடலாம் மேடம்” என்பதில் சம்மதம் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்தறிய அந்த ஆய்வுமுறையில் வழி இல்லை. விலையைச் சொல்லாமல் விருப்பத்தை மட்டும் கேட்பதும் உண்டு.

அறிவு குறைவு, சம்மதம் அதிகம்

இந்தக் குறைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வெவ்வேறு ஊர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரு முரண் தென்படுகிறது. எச்.பி.வி. என்ற பெயரைக் கேள்விப்பட்ட தாய்மார் குறைவு. நோயைக் கேள்விப்பட்டவர்கள் அதைவிட அதிகம்; வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆயினும் விளக்கிச் சொன்ன பிறகு மகளுக்குப் போடச் சம்மதிப்பவர்கள் ஏராளம். மைசூருவில் வளரிளம் பெண்களின் பெற்றோரோடு குழுக் குழுவாக நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட கலந்துரையாடல் ஆய்வும் இதையே கண்டது: நோயைப் பற்றிய விவரம் சொற்பம், தடுப்பூசி நல்லது என்ற பொதுவான நம்பிக்கை வலுவானது.

இதில் வியப்பில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் 89 சதவீதத்தினர் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் போட்டிருந்தனர். அந்தத் தாய்மாரிடம் பென்டாவேலன்ட் ஊசியில் அடங்கியுள்ள ஐந்து நோய்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? கேள்வித்தாளின்படி அவர்களும் “போதாத அறிவு” உடையவர்களே. ஆனாலும் போட்டார்கள். கையில் அட்டை இருந்தது. அட்டையில் தேதி இருந்தது. தேதியை நினைவூட்ட, பெயர் சொல்லிக் கூப்பிடும் நர்ஸம்மா ஊரில் இருந்தார். பள்ளியில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. ஊசிக்கும் இதே கதைதான்.

விழிப்புணர்வை மட்டும் தனியே கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரி 1 அன்று மத்திய இடைக்கால நிதிநிலை அறிக்கையில், 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள், நடிகை ஒருவர் இந்நோயால் இறந்துவிட்டதாக அவருடைய சமூக ஊடகப் பக்கத்திலேயே செய்தி வந்தது. அதற்கு மறுநாள் அவரே தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்த ஏற்பாடு என்றார். நாடு முழுவதும் நோயின் பெயரைப் பேசியது, கைப்பேசிகளில் தேடியது. ஆனால் அந்த வாரம் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்ட தாய்க்குக் கொடுக்க இலவச ஊசி இருக்கவில்லை.

தாய் கேட்கும் கேள்விகள்

தயங்கும் தாய்மார் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை “தவறான நம்பிக்கை” என்ற தலைப்பில் அடைத்துவிடுவது ஆய்வேடுகளின் வழக்கம். கேள்விகளாக எடுத்துக்கொண்டால் அவை பெரும்பாலும் நியாயமானவை.

“வயசுக்கு வந்தே ஆறு மாசம்தான் ஆகுது சிஸ்டர், இவளுக்கு எதுக்கு இப்பவே?” என்பது முதல் கேள்வி. “உடலுறவு தொடங்குமுன் போட வேண்டும்” என்று பாடநூல் மொழியில் பதில் சொன்னால், தன் மகளின் ஒழுக்கத்தைப் பற்றி யாரோ சந்தேகப்படுவதாகத் தாயின் காதில் விழுகிறது. “எம் பொண்ணு அப்படி இல்ல” என்று உரையாடல் அங்கேயே முறிகிறது. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழும் பெண்ணுக்கும் இத்தொற்று வரலாம் என்பதை முதலில் சொல்லியிருந்தால் கேள்வியின் திசையே மாறியிருக்கும். மகள் எப்படி நடந்துகொள்வாள் என்பதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை. ஊசி போட்டால் பிள்ளைகள் கட்டுப்பாடு இழப்பார்கள் என்ற அச்சம் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே 11, 12 வயதுச் சிறுமிகள் 1,398 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை.

இரண்டாவது கேள்வி: “பின்னாடி குழந்தை தங்குமா?” கர்ப்பப்பை என்ற சொல்லோடு ஊசி என்ற சொல் சேர்ந்ததும், கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டைப் பார்த்த நாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. பதில் தெளிவானது. 2017க்குள் உலகம் முழுவதும் 27 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் விநியோகிக்கப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு பலமுறை ஆராய்ந்தும் மலட்டுத்தன்மைக்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், வளரிளம் பிள்ளைகள் ஊசி பயத்தில் மயங்கி விழுவதும் உண்டு. அதற்காகத்தான் போட்டதும் கால்மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வகுப்பில் ஒருத்தி மயங்கி விழுந்ததும் பள்ளி வாசலில் கூட்டம் கூடாது.

மூன்றாவது, விலை. வெளிநாட்டுத் தயாரிப்பில் ஒன்பது வகைகளுக்கு எதிரான ஊசி தனியார் மருத்துவமனையில் ஒரு தவணை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2022இல் அனுமதி பெற்று 2023 ஜனவரியில் வெளியானது. அப்போது அதன் விலை 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு மகள்கள் உள்ள கூலித் தொழிலாளி வீட்டில் அதுவும் ஒரு மாத வருமானத்தில் பெரும்பங்கு. “யோசிச்சுச் சொல்றேன்” என்று அந்தத் தாய் எழுந்து போனால், ஆய்வேட்டில் அது “தயக்கம்” என்று பதிவாகிறது.

நான்காவது, “வீட்டுல கேக்கணும்.” ஆய்வுகள் தாயை மட்டும் கேட்கின்றன. ஆனால் செலவு என்றால் கணவர், உடம்பு என்றால் மாமியார், சந்தேகம் என்றால் தெரிந்த டாக்டர் என்று முடிவு பல கைகளில் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துக்கொள்ளும் முடிவு ஒன்று உண்டென்றால் அது இதுதான்: குடும்பத்துக்குப் பழக்கமான மருத்துவர் ஒருவர் “போடுங்க” என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான தாய்மார் போட்டுவிடுகிறார்கள். மருத்துவர் “வேணும்னா போட்டுக்கலாம்” என்று இழுத்தால் தாயும் இழுக்கிறார்.

கேட்காமல் போட்ட கதை

இந்தியாவில் இத்தடுப்பூசி இவ்வளவு தாமதமானதற்குத் தாய்மார் காரணமில்லை. 2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், தொடர்ந்து குஜராத்தின் வடோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போடும் செயல்விளக்கத் திட்டம் நடந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து நடத்தியது. நிதி பில் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று அந்த மரணங்களுக்கு வேறு காரணங்கள் இருந்ததாகவும், தடுப்பூசியோடு தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் விசாரணைக் குழு கூறியது.

ஆனால் அதே விசாரணை வேறொன்றையும் வெளிக்கொணர்ந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் கணிசமானோர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. மகளுக்கு ஊசி போடப்பட்ட செய்தியே தாய்க்குத் தெரியாத இடத்தில் “தாயின் மனப்பான்மை” என்று எதை அளப்பது? மருந்தில் குறை இல்லாதிருந்தும், கேட்க வேண்டியவரைக் கேட்காத குற்றத்துக்காக இந்தியா பல ஆண்டுகளை இழந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் படிப்பினை உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்துக்கே சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில் போடும் ஏற்பாடு வந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் முந்திக்கொண்டன. பெற்றோர் பலர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தைக்குத் தவறாமல் ஊசி போட்ட அதே தாய்மார்தான் இவர்கள். பள்ளியிலிருந்து வந்த துண்டுச் சீட்டில் ஊசியின் பெயரும் தேதியும் இருந்தன. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவோ அவர்களுடைய பேச்சுமொழியிலேயே பேசியது.

சரிந்த இடங்களும் மீண்ட இடங்களும்

நம்பிக்கை சரிவது ஏழை நாடுகளுக்கே உரிய நோயன்று. ஜப்பானில் 2013 ஏப்ரலில் இந்த ஊசி வழக்கமான பட்டியலில் சேர்க்கப்பட்டது. வலி, நடுக்கம் என்று சில சிறுமிகளின் காட்சிகள் தொலைக்காட்சியில் வரவே, இரண்டே மாதத்தில் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. ஊசிக்குத் தடை விதிக்கவில்லை. கேட்டால் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அரசே பின்வாங்கிய ஒன்றைத் தாய் எப்படி நம்புவார்? சுமார் 70 சதவீதமாக இருந்த, ஊசி போட்டுக்கொள்வோர் அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிற்று. பரிந்துரை மீண்டும் வந்தது 2022 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தின் விலை 5,000க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்களாக இருக்கும் என்று ஒரு கணிப்பு சொல்கிறது.

டென்மார்க்கிலும் 2015இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குப் பிறகு அளவு பாதிக்கும் கீழே சரிந்தது. அங்கே சுகாதாரத் துறை முதலில் முடிவெடுப்பவர் யார் என்று பார்த்தது, பெரும்பாலும் தாய். அவர் எங்கே பேசுகிறார் என்று பார்த்தது, ஃபேஸ்புக்கில். 2017இல் தொடங்கிய இயக்கம் அங்கேயே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதியது. அளவு மீண்டும் ஏறியது. அயர்லாந்தில் 87 சதவீதத்திலிருந்து 51க்கு வீழ்ந்தபோது, 24 வயதில் இந்நோய் கண்ட லாரா பிரென்னன் என்ற இளம்பெண் தானே முன்வந்து சுகாதாரத் துறையின் குரலானார். பெற்றோரைப் பார்த்து நேரடியாகப் பேசினார். 2019 மார்ச்சில் 26 வயதில் அவர் இறந்தபோது, அளவு 70 சதவீதத்தை நெருங்கியிருந்தது. தாய்க்குப் புள்ளிவிவரத்தில் தெரியாத நோய், லாராவின் முகத்தில் தெரிந்தது.

வாசலுக்கு வந்த ஊசி

எதிர்த்திசை உதாரணங்களும் உண்டு. சிக்கிம் 2018இல் 9 முதல் 13 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் பள்ளிகள் வழியாக இலவசமாகப் போட்டது. ஏறத்தாழ 97 சதவீதத்தினர் போட்டுக்கொண்டனர். ஊசிக்கு முன்பே ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் விளக்கம், பெற்றோர் கூட்டம், பக்கவிளைவு வந்தால் யார் எங்கே கவனிப்பது என்ற ஏற்பாடு எல்லாம் முடிந்திருந்தன. ருவாண்டா 2011இல் தொடங்கிப் பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் எட்டியது. அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

தமிழ்த் தாய்மாருக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் இலங்கை. அங்கே 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, அரசின் வழக்கமான திட்டத்திலேயே போடப்படுகிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நீண்டகாலப் பழக்கம். பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர் தெரிந்த முகம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள தாய்க்கு இது புதிய ஊசி. ஆனால் வந்த வழி பழைய வழி.

இந்த மூன்று இடங்களிலும் தாய்மாரின் மதிப்பெண்ணை முதலில் 75க்கு உயர்த்திவிட்டு ஊசியைக் கொண்டுவரவில்லை. ஊசியும் விளக்கமும் ஒன்றாகவே வந்தன.

ஒரே தவணை

தாயின் சுமையைக் குறைத்த கண்டுபிடிப்பு ஒன்றில் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் பங்குண்டு. அங்குள்ள அம்பிளிக்கையில், மருத்துவர் ரெ. சங்கரநாராயணன் தலைமையிலான சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக் குழு, அமில நீர் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே இந்நோய் மரணங்களை 35 சதவீதம் குறைப்பதாக 2007இல் காட்டியது. அதே அம்பிளிக்கை உள்ளிட்ட பல மையங்களில், இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்ற ஆய்வு 2009இல் தொடங்கியது. கம்மம் சர்ச்சையால் 2010இல் அதுவும் பாதியில் நின்றது. இதனால் சுமார் 5,000 சிறுமிகளுக்கு ஒரே தவணையோடு முடிந்துபோயிற்று. அவர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரே தவணையும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை 95 சதவீதம் தடுத்திருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றதற்கு இதுவும் ஒரு சான்று.

தாயின் கோணத்தில் இதன் பொருள் பெரிது. பாதிச் செலவு, ஒருநாள் கூலி மட்டுமே இழப்பு, இரண்டாம் தவணையை நினைவில் வைத்திருக்க வேண்டிய கவலை இல்லை. “தவணையை முடிக்காதவர்கள்” என்று தாய்மார்மீது விழும் பழியும் இல்லை.

தாயின் உடம்பு

மகளின் ஊசியைப் பற்றித் தாயிடம் கேட்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை தாயைப் பற்றிக் கேட்பதில்லை. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் இன்று இந்நோய் ஆபத்து; மகளுக்கு அது இருபது ஆண்டு கழித்து வரக்கூடியது. தேசியக் குடும்ப நல ஆய்வின் அதே சுற்றில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8, நாட்டிலேயே முன்வரிசை. தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் முன்னோடியாகத் தொடங்கி மாநிலம் முழுக்க விரித்த சோதனைத் திட்டத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பெண்கள் வெளியே இருக்கிறார்கள்.

மகளின் ஊசிக்காகப் பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ தாய் வரும் நாள், அவரையும் சோதனைக்கு அழைக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. தன் உடம்பைப் பற்றி யாரோ அக்கறையாகக் கேட்ட தாய்க்கு, மகளின் ஊசி எதற்கென்று தனியே பாடம் எடுக்கத் தேவை இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்டச் சொல்லும் இலக்கிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு ஊசி, 70 சதவீதப் பெண்களுக்குச் சோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை.

இனி எதை அளப்பது?

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கட்டம் கட்டமாக இத்தடுப்பூசி போடுவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலை என்ற தடை விலகும்போது மற்றத் தடைகள் துலக்கமாகத் தெரியும். ஆய்வுகளும் அதற்கேற்ப மாற வேண்டும். “எச்.பி.வி. எந்த வகைக் கிருமி?” என்ற கேள்விக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, சம்மதப் படிவம் எத்தனை நாள் முன்பு வீட்டுக்கு வந்தது, அது புரிகிற தமிழில் இருந்ததா, சந்தேகம் கேட்க ஆள் இருந்தாரா, காய்ச்சல் வந்த இரவு யாரைக் கூப்பிட்டார், அவர் வந்தாரா என்று கேட்கலாம். மறுத்த தாய்மாரைத் தேடிப்போய்க் காரணம் கேட்கும் ஆய்வுகள் வேண்டும். இதுவரை சம்மதித்தவர்களையே அதிகம் எண்ணியிருக்கிறோம். தந்தையரையும் பள்ளி ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் இதே கேள்வித்தாளுக்கு முன்னால் உட்காரவைக்கலாம். 14 வயதில் பள்ளியை விட்டு நின்றுபோன பெண்ணின் தாயை எந்த ஆய்வும் இதுவரை தேடிப்போகவில்லை என்றால், திட்டமும் தேடிப்போகாது.

இவற்றுக்கான விடைகள் சுகாதாரத் துறையின் தேர்வுத் தாளாக அமையும். தாயின் மதிப்பெண்ணைத் திருத்திய காலம் போதும்.